தலைமை ஆசிரியர் எழுதும் கட்டுரை: எதை எழுதுவது, எங்கே அனுப்புவது?

கேள்வி: நான் வடசென்னையில் ஓர் அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியை. பள்ளி நிர்வாகிகளுக்கென்று வரும் தொழில்முறை இதழ்களில் எழுத வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ‘மாறிவரும் கல்விச் சூழலில் தலைமைப் பண்பு’, ‘டிஜிட்டல் யுகமும் பள்ளி நிர்வாகமும்’ என்ற இரண்டு கட்டுரைகளை அனுப்பிப் பார்த்தேன். பதிலே வரவில்லை. எந்தத் தலைப்பில் எழுதினால் ஏற்றுக்கொள்வார்கள்? அனுமதி பெற வேண்டுமா? எந்த இதழ்களுக்கு அனுப்பலாம்? தாமதமாக வரும் பிள்ளைகளை வாசலில் நிறுத்திவைக்கும் வழக்கத்தைச் சென்ற ஆண்டு கைவிட்டோம். அந்த வேலை குறைந்ததில் எழுதக் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது.

பதில்:

அம்மா, வணக்கம். நீங்கள் எழுத வேண்டிய கட்டுரை உங்கள் கேள்வியின் கடைசி வரியில் இருக்கிறது. நேரம் கிடைத்ததற்குக் காரணம் சொல்லும் சாக்கில் அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். பள்ளி நிர்வாகிகள் எழுதி அனுப்பும் கட்டுரைகளைப் படித்து, தேர்ந்தெடுத்து, செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். நான் பார்த்தவரையில் நல்ல விஷயம் பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேர்கிறது: கட்டுரைக்குள் இருக்காது, கூட வரும் கடிதத்தில் இருக்கும்.

நீங்கள் அனுப்பிய இரண்டு தலைப்புகளிலும் ஒரு பள்ளியில் ஒரு நாள்கூட வேலை பார்க்காதவரும் கட்டுரை எழுதிவிட முடியும். இப்போது கணினியே எழுதித் தருகிறது. ஆசிரியர் குழுக்களின் மேசையில் அப்படிப்பட்டவை குவிந்து கிடக்கின்றன. உங்கள் கட்டுரைகள் திரும்பிப் பார்க்கப்படாமல் போனதற்கு உங்கள் நடையோ தமிழோ காரணமாக இருக்காது. அவற்றில் உங்கள் பள்ளி இல்லை, நீங்கள் இல்லை, அவ்வளவுதான்.

நிர்வாக இதழைப் படிக்கிறவர் இன்னொரு தலைமை ஆசிரியர். சம்பளப் பட்டியல், எமிஸ் என்னும் அரசின் பள்ளித் தகவல் தளத்தில் பதிவேற்றம், குடிநீர்க் குழாய் பழுது, விடுப்பில் போன கணக்கு ஆசிரியர் என்று எல்லாவற்றுக்கும் நடுவே பதினைந்து நிமிடம் ஒதுக்கி அவர் இதழைப் பிரிக்கிறார். தலைமைப் பண்பின் இலக்கணம் அவருக்கு வேண்டாம். தன்னைப் போன்ற ஒருவர், தன்னிடம் உள்ள அதே அதிகாரத்தையும் அதே பற்றாக்குறையையும் வைத்துக்கொண்டு என்ன முடிவெடுத்தார், எடுத்த பிறகு என்ன நடந்தது என்பதுதான் வேண்டும். ஆகவே நிர்வாகியின் கட்டுரைக்குக் கரு என்பது ஒரு முடிவு. ஒரே ஒரு முடிவு. அதை எடுத்தவர் என்ற முறையில் அதைப் பற்றி எழுத உங்களைவிடத் தகுதியானவர் வேறு யாரும் இல்லை.

வாசலில் நிறுத்தும் வழக்கத்தையே எடுத்துக்கொள்வோம். இதை எழுத உட்கார்ந்தால் முதலில் நீங்கள் பதில் சொல்ல வேண்டியது, அந்த வழக்கம் எப்படி நடந்துவந்தது என்பதற்கு. கதவை எத்தனை மணிக்குச் சாத்தினீர்கள்? யார் சாத்தினார்? வெளியே நின்ற பிள்ளைகள் முதல் பாடவேளையை இழந்தார்களா, காலை வழிபாட்டை மட்டுமா? அடுத்து, அதை நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் எப்போது வந்தது? 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தைப் படித்துத்தான் மாற்றினீர்களா, அல்லது ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்து மாற்றினீர்களா? எதுவாக இருந்தாலும் அதையே எழுதுங்கள். சட்டத்தால் மாறியதைக் கருணையால் மாறியதாகக் காட்ட வேண்டியதில்லை.

யார் எதிர்த்தார்கள் என்பது இதைவிட முக்கியம். ஒழுங்கு கெட்டுவிடும் என்று ஆசிரியர்களில் சிலர் நிச்சயம் சொல்லியிருப்பார்கள். இத்தனை காலம் வாசலில் நின்ற உடற்கல்வி ஆசிரியருக்குத் தன் மரியாதை குறைந்ததாகக்கூடப் பட்டிருக்கலாம். நேரத்துக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோர், ‘அப்படியானால் எங்கள் பிள்ளை ஏன் ஓடிவர வேண்டும்?’ என்று கேட்டிருப்பார்கள். நியாயமான கேள்வி அது. நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? வேறு எந்த வழிகளை யோசித்து வேண்டாமென்று விட்டீர்கள்? படிக்கிற தலைமை ஆசிரியர் நாளை தன் ஆசிரியர் கூட்டத்தில் இதே எதிர்ப்புகளைச் சந்திக்கப்போகிறார். அவருக்கு உங்கள் கட்டுரையில் மிகவும் பயன்படப்போகும் பத்தி இதுதான். பெரும்பாலான கட்டுரைகளில் இந்தப் பத்தியே இருப்பதில்லை. எல்லோரும் உற்சாகத்துடன் ஒத்துழைத்தார்கள் என்று ஒரு வரியில் முடிந்துவிடும். எந்தப் பள்ளியிலும் எல்லோரும் உற்சாகத்துடன் ஒத்துழைத்ததில்லை என்பது படிக்கிறவருக்குத் தெரியும். அந்த வரியோடு அவர் நம்பிக்கை போய்விடும்.

எண்ணிக்கை இல்லாமல் இந்தக் கட்டுரை நிற்காது. தாமத வருகைப் பதிவேடு இருந்தால் அதுவே உங்கள் பெரிய சொத்து. மாற்றத்துக்கு முன்பும் பின்பும் ஒரே மாதங்களை ஒப்பிடுங்கள்: சென்ற ஆண்டு ஜூலையை இந்த ஆண்டு ஜூலையோடு. மழை விடுமுறைகள் வரும் நவம்பரை வெயில் காயும் மார்ச்சோடு வைத்துப் பார்த்தால் எண்கள் பொய் சொல்லும். மீன்பிடித் துறைமுகம் உள்ள காசிமேட்டுப் பக்கத்துக் குடும்பங்கள் உங்கள் பள்ளியில் இருந்தால் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள். அந்த நாள்களில் விடியும் முன்பே மீன் ஏலத்துக்குப் போகும் தாய்மார்களின் நடமாட்டம் குறையும். தம்பி தங்கையைக் கிளப்பி அங்கன்வாடியில் விட்டுவிட்டு ஓடிவரும் மூத்த பிள்ளையின் தாமதமும் கூடவே குறையும். ஏப்ரல் கடைசி வாரத்தில் கணக்கெடுத்துவிட்டு உங்கள் திட்டம் வெற்றி என்று எழுதினால், அந்த வெற்றியில் பாதி கடலுக்குச் சேர வேண்டியது. இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டேன் என்று கட்டுரையில் ஒரு வரி எழுதிப் பாருங்கள். எந்த ஆசிரியர் குழுவும் நிமிர்ந்து உட்காரும். உங்கள் வட்டாரத்தை அறிந்தவர் மட்டுமே எழுதக்கூடிய வரி அது.

சிறிய எண்களைச் சதவீதமாக்காதீர்கள். 30 பேர் உள்ள வகுப்பில் 6 பேர் என்பதை 6 பேர் என்றே சொல்லுங்கள். எண் ஏறவில்லை, இறங்கவில்லை என்றாலும் கட்டுரைக்கு மதிப்பு குறையாது. தாமதம் அப்படியே இருக்கிறது, ஆனால் தாமதமானால் வீட்டுக்கே திரும்பிப்போன பிள்ளைகள் இப்போது உள்ளே வருகிறார்கள் என்பது உங்கள் கண்டுபிடிப்பாக இருந்தால், அதைவிடச் சிறந்த முடிவுரை எதுவும் இல்லை.

நடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தலைமை ஆசிரியர்களின் கை செயல்முறைக் கடிதங்களுக்குப் பழகிய கை. அதனால் கட்டுரையிலும் ‘தாமதமாக வருகைபுரியும் மாணாக்கர் மீது உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது’ என்று வந்து விழுகிறது. யார் மேற்கொண்டார், எந்த நடவடிக்கை என்று இந்த வரியில் தேடினாலும் கிடைக்காது. அலுவலகக் கோப்பில் அது பாதுகாப்பு. கட்டுரையில் அதுவே ஓட்டை. ‘நான் முடிவு செய்தேன்’ என்று எழுதத் தயங்காதீர்கள். அதில் தற்பெருமை ஒன்றும் இல்லை; பொறுப்பை ஏற்கிறீர்கள். அதேபோலக் கல்வியின் பெருமையில் தொடங்கி, குறள் ஒன்றை மேற்கோள் காட்டி, இரண்டாவது பக்கத்தில் பள்ளிக்குள் நுழையும் முறையையும் விட்டுவிடலாம். குறள்மீது எனக்கு உள்ள மதிப்பில் குறைவில்லை. ஆனால் படிக்கிறவர் உங்கள் வாசலில் காத்திருக்கிறார்.

தொடக்கம் எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன். விவரங்கள் என் கற்பனை. உண்மையை நீங்கள் இட்டு நிரப்புங்கள்.

‘எங்கள் பள்ளியில் 9.15க்கு வாயிற்கதவைச் சாத்திவிடுவோம். பிறகு வரும் பிள்ளைகள் வழிபாடு முடியும்வரை தெருவில் நிற்பார்கள். நின்றவர்களின் பெயர்களை ஒரு மாதம் குறித்துவரச் செய்தேன். மாதக் கடைசியில் பட்டியலைப் பார்த்தபோது திரும்பத் திரும்ப ஒரே பெயர்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்கு மூத்த பெண் பிள்ளைகள்.’

ஐந்து வரிகளில் இடம், வழக்கம், சிக்கல், நீங்கள் செய்த முதல் வேலை ஆகிய நான்கும் வந்துவிட்டன. இதற்கு மேல் முன்னுரை தேவையில்லை. இப்படித் தொடங்கிய கட்டுரையை எந்த ஆசிரியரும் அடுத்த பக்கம் திருப்பாமல் வைக்கமாட்டார்.

உங்களிடம் கட்டுரை எழுதும் அளவுக்கு என்ன நடந்துவிட்டது என்ற தயக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். 1920இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு தந்தது. அப்போது மாநகராட்சியின் தலைமையில் இருந்தவர் பிட்டி தியாகராயர். அந்த வரலாறு நம் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதற்கு மேலும் ஒரு ஆவல் உண்டு. அந்தப் பள்ளியில் முதல் வாரம் உணவை யார் பரிமாறினார், பிள்ளைகளை எங்கே உட்காரவைத்தார்கள், பிற்பகல் வகுப்புக்கு எத்தனை பேர் கூடுதலாகத் தங்கினார்கள்? அன்றைய தலைமை ஆசிரியர் சொல்ல எழுதிய நான்கு பக்கம் கையில் கிடைத்தால் எந்த நூலையும் கீழே வைத்துவிட்டு அதைப் படிப்பேன்.

இனி எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம். பிள்ளையின் பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. ‘எட்டாம் வகுப்பில் படிக்கும், தந்தையை இழந்த, தாய் மீன் விற்கும் மாணவி’ என்று எழுதிக் கீழே உங்கள் பெயரும் பள்ளியின் பெயரும் இருந்தால், உங்கள் தெரு முழுவதற்கும் ஆள் தெரிந்துவிடும். இரண்டு மூன்று பிள்ளைகளின் நிலையைச் சேர்த்து எழுதுங்கள், அல்லது அடையாளம் காட்டும் விவரத்தை விட்டுவிடுங்கள். படம் போடுவதானால் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். முதுகுப்புறமாக எடுத்த படம் இன்னும் நல்லது. பாலியல் குற்றத்துக்கு ஆளான பிள்ளை பற்றியோ, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளை, சட்டத்துக்கு முரண்பட்ட (குற்றம் செய்ததாகச் சொல்லப்படும்) பிள்ளை பற்றியோ எழுத நினைத்தால் விஷயம் வேறு. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவும், 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவும் அடையாளத்தை வெளியிடுவதைக் குற்றமாக்குகின்றன. வெளியிடக் கூடாதவற்றின் பட்டியலில் பள்ளியும் உண்டு என்பதைக் கவனியுங்கள். நீங்கள் உங்கள் பெயரில் எழுதினாலே பள்ளி தெரிந்துவிடும். ஆகவே அத்தகைய நிகழ்வுகளை உங்கள் கட்டுரைக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

அனுமதியைப் பொறுத்தவரை, உதவிபெறும் பள்ளி என்பதால் தாளாளரிடம் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிரதியையும் கூடவே கொடுங்கள். அச்சான பிறகு பார்த்து வருந்துவதைவிட முன்பே பார்த்துவிடுவது அவருக்கும் நல்லது. அரசுப் பள்ளியில் இருப்பவர்களுக்கு 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் பொருந்தும். அரசின் கொள்கையையும் நடவடிக்கையையும் விமர்சித்து எழுதுவதற்கு அவற்றில் கட்டுப்பாடு உண்டு. அவர்கள் முதன்மைக் கல்வி அலுவலருக்கு உரிய வழியில் விண்ணப்பிப்பதே முறை. வகுப்பறையில், வளாகத்தில் நீங்கள் செய்த ஒன்றை விவரிக்கும் கட்டுரைக்கு யாரும் தடை சொல்லி நான் பார்த்ததில்லை.

எங்கே அனுப்பலாம்? தமிழில் எழுதுவதானால் பள்ளிக் கல்வித் துறை வெளியிடும் ‘கனவு ஆசிரியர்’ மாத இதழை முதலில் பாருங்கள். உங்கள் கட்டுரையைப் படிக்க வேண்டிய ஆட்கள் அதன் வாசகர்களில்தான் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுத முடிந்தால் ஹைதராபாத்திலிருந்து வரும் ‘டீச்சர் பிளஸ்’, அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் ‘லேர்னிங் கர்வ்’, தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவின் ‘தி பிரைமரி டீச்சர்’ ஆகியவை அனுபவக் கட்டுரைகளுக்கு இடம் கொடுப்பவை. புதுதில்லியிலுள்ள தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனமான நீபாவின் ‘ஜர்னல் ஆஃப் எஜுகேஷனல் பிளானிங் அண்ட் அட்மினிஸ்ட்ரேஷன்’ ஆய்விதழ். அங்கே முந்தைய ஆய்வுகளின் பரிசீலனை, தரவு சேகரித்த முறை, அடிக்குறிப்பு எல்லாம் எதிர்பார்ப்பார்கள். உங்கள் வாசல் கட்டுரையை அங்கே அனுப்பினால் அது நல்ல கட்டுரையாக இருந்தும் திரும்பி வரும்.

வெளிநாட்டு இதழ்களைச் சிலர் குறிவைக்கிறார்கள். அமெரிக்கக் கல்வி மாவட்டத் தலைவர்களின் சங்கமான ஏஏஎஸ்ஏ, ‘ஸ்கூல் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்ற இதழை நடத்துகிறது. அதைப் படிக்கும் சூப்பரின்டென்டென்ட் ஒரு மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் தலைவர். பெரும்பாலும் மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளூர்க் கல்வி வாரியம் அவரை நியமிக்கிறது. நிதியில் கணிசமான பகுதி உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. நமது தலைமை ஆசிரியருக்கு ஆசிரியரை நியமிக்கும் அதிகாரமோ, பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரமோ இல்லை என்பது அவருக்குத் தெரியாது. அங்கே எழுதினால், எதை நீங்கள் முடிவு செய்ய முடியும், எது மேலே முடிவாகிறது என்று ஒரு பத்தியில் விளக்கிவிட வேண்டும். முதல் கட்டுரைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

எந்த இதழானாலும் அதன் அண்மைய நான்கைந்து இதழ்களைக் கையில் வைத்துப் படியுங்கள். கட்டுரைகளின் நீளத்தை எண்ணுங்கள். யார் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். பல இதழ்கள் ஒவ்வொரு இதழுக்கும் ஒரு மையப்பொருளைப் பல மாதங்களுக்கு முன்பே அறிவித்துவிடும். ‘வருகையும் ஈடுபாடும்’ என்று ஒரு மையப்பொருள் வருமானால் உங்கள் கட்டுரைக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. தேர்வுக் காலத்தைப் பற்றிய கட்டுரையைப் பிப்ரவரியில் அனுப்பினால் மார்ச் இதழில் வராது. அந்த இதழின் பக்கங்கள் ஏற்கெனவே அச்சுக்குத் தயாராகியிருக்கும்.

முழுக் கட்டுரையையும் அனுப்புவதற்கு முன் ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கேட்பது நல்ல வழக்கம். என்ன செய்தீர்கள், என்ன ஆனது, என்ன ஆதாரம் இருக்கிறது, எத்தனை சொற்கள் இருக்கும். அவ்வளவு போதும். நீங்கள் பெற்ற விருதுகளின் பட்டியல் வேண்டாம். கட்டுரையை யூனிகோடில் தட்டச்சு செய்து வேர்டு கோப்பாக அனுப்புங்கள். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. இருந்தும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். படங்களை வாட்ஸ்அப் சுருக்கிவிடும். மூலக் கோப்பை மின்னஞ்சலில் இணையுங்கள். கைப்பேசியில் எடுத்த பதிவேட்டுப் பக்கத்தின் படமானால் பிள்ளைகளின் பெயர்களை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

ஒரே கட்டுரையை ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது. இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு கதவுகளும் மூடிக்கொள்ளும். இரண்டு மாதம் பொறுத்து நினைவூட்டுங்கள். அதன் பிறகும் பதில் இல்லையென்றால், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று இரண்டு வரி எழுதிவிட்டு வேறிடம் அனுப்பலாம். திருத்தம் கேட்டு வந்தால் அது நல்ல செய்தி. ‘இந்த இடத்தில் எண்ணிக்கை வேண்டும்’, ‘பெற்றோர் என்ன சொன்னார்கள்?’ என்று கேட்கும் ஆசிரியர் உங்கள் கட்டுரையைப் போடத் தீர்மானித்துவிட்டார் என்று கொள்ளலாம். ஒரு வாரத்துக்குள் பதில் அனுப்புங்கள்.

பணம் கேட்கும் இதழ்களிடம் கவனமாக இருங்கள். பிரசுரக் கட்டணம் கட்டினால் பத்து நாளில் அச்சிட்டுச் சான்றிதழும் தருகிறோம் என்று தலைமை ஆசிரியர்களுக்கு மின்னஞ்சல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறது என்பதையே பெரிய தகுதியாகச் சொல்வார்கள். அது தொடர் வெளியீட்டை அடையாளம் காட்டும் 8 இலக்க எண். தரத்துக்கு அது சாட்சி சொல்லாது. நிர்வாகிகளுக்கான தொழில்முறை இதழ் எழுதுகிறவரிடம் காசு வாங்குவதில்லை. சிறு சன்மானமோ, ஒன்றிரண்டு பிரதிகளோ தரும்.

கட்டுரை ஏற்கப்பட்டதும் பதிப்புரிமைக் கடிதம் ஒன்று வரலாம். படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். முதல் பிரசுரத்துக்கு மட்டும் உரிமை தருகிறேன் என்று எழுதித் தரலாமா என்று கேட்டுப் பாருங்கள்; பல இதழ்கள் ஒப்புக்கொள்ளும். பின்னாளில் உங்கள் கட்டுரைகளைத் தொகுக்க நினைத்தால் அந்தக் கடிதத்தைத்தான் பதிப்பகம் முதலில் கேட்கும், ஆகவே பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.